கால் அந்தர் கசரத்து

"அய்யா, இது எலி புடிக்கிறதுக்குங்களா?" என்று கேட்டான் கிளப் காவற்காரன் பழனியாண்டி.

அலோசியஸ் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அவனுடைய கம்பளிச் சட்டையின் மார்பை இரும்புச் சுருள்கள் கவ்விக்கொண்டிருந்தன. இழுத்தால் சட்டை கிழியும். விட்டால் கைப்பிடி மூக்கில் அடிக்கும். விட்டுப் பார்ப்பதை ஏற்கனவே ஒருமுறை செய்தாயிற்று.

"இது மார்பை விரிக்கிற சாமான்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"விரிஞ்சிருச்சுங்களா?"

"பேசாம அந்தப் பக்கத்தைப் புடி."

பழனியாண்டி பிடித்தான். நன்றாகவே பிடித்தான். அலோசியஸ் விடுபட்டபோது சட்டையின் முன்பக்கம் சுருளோடு தங்கிவிட்டது.

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அலோசியஸ் இரண்டாவது கிளாக்கர். மழைக்காலத்தில் அவன் குடை பிடித்துப் போனால், குடைதான் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று தொழிலாளர் லயத்தில் சொல்லுவார்கள். அப்படிப்பட்டவன் அரிசி ஸ்டோர் கணக்கப்பிள்ளை லோரன்ஸின் மகள் பெற்றீசியாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். பெற்றீசியாவுக்கு ஆட்சேபனை இல்லை. வீட்டிலிருந்த ஆட்சேபனை முழுவதையும் லோரன்ஸே வைத்திருந்தார்.

"கோட்டு மாட்டுற ஆணிக்கு யாராச்சும் பொண்ணு குடுப்பாங்களா?" என்று பூசை முடிந்து வெளியே வந்த சனம் முழுவதும் கேட்கும்படி கோயில் வாசலில் கேட்டார். "ஹட்டன்ல ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கேன். ஆளு மாடு மாதிரி இருப்பான். தவக்காலத்துக்கு முந்தியே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுக் காரியத்தை முடிச்சிருவேன்."

ஆகவே, மாடாவதற்கு அலோசியஸுக்கு அதிக அவகாசம் இல்லை.

சீமைக்குத் திரும்பிய பழைய துரை, கப்பலில் ஏற்ற மனமில்லாத தேகப்பயிற்சிச் சாமான்களை உத்தியோகத்தர் கிளப்புக்குத் தானம் செய்திருந்தார். அங்கத்தினர்கள் அவற்றை மிகுந்த மரியாதையோடு பாதுகாத்தார்கள். அதாவது, ஒருவரும் தொடவில்லை. பாரம் மாட்டிய இரும்புத் தண்டில் மட்டும் மேசைத் துணி காயப் போடுவது வழக்கம்.

மறுநாள் அலோசியஸ் துணியை எடுத்துவிட்டு, சாமான் வந்த பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த வெள்ளைக்காரன் படத்தைப் பார்த்து, அதே மாதிரி பெஞ்சில் மல்லாந்து படுத்தான். முறுக்கு மீசை ஒன்றுதான் குறை.

"தண்டைத் தூக்கி என் மார்புமேல வை."

பழனியாண்டி வைத்தான். பயிற்சி அத்தோடு முடிந்தது.

"அய்யா, இனி மேல தூக்குவீங்களா?"

"எ… எடு."

"என்னங்க? சத்தமே வரலியே."

"எடுடா!"

வாயிலிருந்த பீடியை எடுக்காமலே பழனியாண்டி தண்டைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினான். "எடுத்த எடுப்புல இம்புட்டுப் பெருசு எதுக்குங்க? கைக்கு அடக்கமா ஒண்ணைத் தூக்கிப் பழகுங்க," என்று புத்தியும் சொன்னான்.

கைக்கு அடக்கமான இரும்பு தோட்டத்தில் எங்கே இருக்கிறது என்று யோசித்த அலோசியஸுக்கு அரிசி ஸ்டோரின் கால் அந்தர் படிக்கல் ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு இறாத்தல். மேலே கைப்பிடி வேறு. சனிக்கிழமைதோறும் அதைத் தராசில் வைத்துத்தான் லோரன்ஸ் ஆட்களுக்கு அரிசி நிறுத்துப் போடுவார். மற்ற நாட்களில் சும்மாதான் கிடக்கும். சும்மா கிடப்பதை எடுத்தால் திருட்டாகாது என்பது அலோசியஸின் கட்சி.

சாக்கு எண்ணிக்கை பார்ப்பதாகச் சொல்லி ஸ்டோருக்குப் போனான். லோரன்ஸ் தேத்தண்ணி குடிக்க நகர்ந்த நேரம் பார்த்து, கல்லைக் கொழுந்துச் சாக்கில் சுருட்டிக்கொண்டு குவாட்டர்சுக்கு வந்து சேர்ந்தான். கதவைத் தாழிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிக் கண்ணை மூடித் தூக்கினான்.

கல் தலைக்கு மேலே போய்விட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தான். ஒற்றைக் கைதான். இறக்கினான், ஏற்றினான், மறுகைக்கு மாற்றினான். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, தன்னடக்கம் கருதி எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். இத்தனை காலமும் இந்தப் பலம் தனக்குள் பதுங்கியிருந்தது என்றும், கிளப் தண்டில்தான் ஏதோ கோளாறு என்றும் தீர்மானித்தான்.

மறுநாளிலிருந்து இரண்டு கக்கத்திலும் பலாப்பழம் இடுக்கியவனைப்போல் கைகளை அகட்டி நடந்தான். "என்னப்பா, கக்கத்துல கட்டியா?" என்று பெரிய கிளாக்கர் அனுதாபத்தோடு விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை கல்லைத் திருப்பி வைக்கப் போனால், லோரன்ஸ் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல் காணாமற்போனது தெரிந்துவிட்டது. அலோசியஸ் சாக்கோடு திரும்பிவிட்டான்.

சனிக்கிழமை ஆட்கள் பையோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

"அரிசி நாளைக்கு!" என்று கத்தினார் லோரன்ஸ்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க," என்றாள் முன்னால் நின்ற ராக்காயி.

"அப்ப திங்கக்கிழமை!"

"திங்கக்கிழமைன்னா வயித்துக்குத் தெரியுமாங்க?"

அலோசியஸுக்கு மனச்சாட்சி உறுத்தியது. லேசாகத்தான். லோரன்ஸிடம் போய், "ஐயா, பாக்டரியில ஒரு கால் அந்தர் கல்லு இருக்கு. கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றான்.

லோரன்ஸ் நாற்காலியிலிருந்து துள்ளினார். "தேயிலை நிறுக்கிற கல்லுல அரிசி நிறுக்கிறதா? மூளை இருக்கா உனக்கு?"

இது அலோசியஸுக்கு நியாயமாகவே பட்டது. படித்தவன்.

"அப்படீன்னா கல்லு களவு போச்சுன்னு துரைக்கு எழுதிப் போட்டுறட்டுங்களா?" சந்தேகம் தன்மேல் வராதிருக்க அவன் கண்ட வழி இது.

"துரையை எதுக்குய்யா தொந்தரவு பண்ணணும்?" லோரன்ஸின் குரல் திடீரென்று தாழ்ந்தது. "நல்ல மனுசன். நிம்மதியா இருக்கட்டும்."

ஆனால் துரை என்ற சொல் ராக்காயியின் காதில் விழுந்துவிட்டது. வரிசை அப்படியே திரும்பித் துரை பங்களாவுக்கு ஏறியது. திங்கட்கிழமை காலையில் தானே ஸ்டோருக்கு வந்து பார்ப்பதாகத் துரை சொல்லி அனுப்பினார்.

அன்றிரவு அலோசியஸ் தூங்கவில்லை. கல்லோடு பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் பெற்றீசியா ஹட்டனுக்குப் போய்விடுவாள். கடைசியில், திருடன் என்று யாரும் சொல்லுமுன் பலசாலி என்று சொல்லவைத்துவிடுவதே வழி என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு லோரன்ஸ் வீட்டுக்குப் போய்க் கல்லை மேசைமேல் வைத்தான்.

"ஐயா, இதை எடுத்தது நான்தான்."

லோரன்ஸ் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"எதுக்கு எடுத்தேன்னு இப்ப காட்டுறேன், பாருங்க." கல்லை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கினான். பிறகு இரண்டு விரலில் மாட்டி ஊஞ்சல் ஆட்டினான். "பஞ்சு மாதிரி இருக்கு! யாராச்சும் இதைக் கால் அந்தர்னு சொல்லுவாங்களா? நாளைக்குத் துரை வர்றாரில்ல, அவருக்கு முன்னாலயும் இப்படியே தூக்கிக் காட்டலாம்னு இருக்கேன்."

லோரன்ஸ் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வட்டகொடைக் குளிரில் அது பெரிய காரியம்.

"வேணாம், மாப்பிள்ளை," என்றார்.

"என்னங்க?"

"மாப்பிள்ளைன்னேன். வர்ற ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிச்சிருவோம்."

"அந்த ஹட்டன்காரர்?"

"அவன் கிடக்கான், மாட்டுப்பய. அதைக் கீழ வையுங்க, மாப்பிள்ளை. மெதுவா வையுங்க."

அலோசியஸ் வைத்தான். லோரன்ஸ் கல்லைக் கைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஒரு புஜத்தைக் கண்டு ஒரு மனிதர் இவ்வளவு ஆடிப்போவதை உலகம் பார்த்திருக்காது என்று நினைத்துக்கொண்டே, அலோசியஸ் தன் புஜத்தைத் தானே தடவிப் பார்த்தான். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு பெற்றீசியா கோப்பியோடு வந்தாள்.

"பார்த்தியா பெற்றீசியா, உங்கப்பா என் கையைப் பார்த்ததும் அசந்துபோயிட்டாரு," என்றான் அலோசியஸ்.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறாங்க. என்னைக் கட்டித் தர்றாங்களாம். அந்தக் கல்லோட அடியைக் குடைஞ்சு மூடி வச்சிருக்கிறதைத் துரைகிட்ட மட்டும் சொல்லிறாதீங்களாம்."