இரண்டரை அடியார்

அந்தக் காலத்து ஆக்லாந்தில் இரண்டரை அடியார் அளக்காத தமிழர் வீட்டுச் சுவரே கிடையாது. அவருடைய உண்மைப் பெயர் அவருடைய மனைவிக்கும் விசாக் கந்தோருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எண்பதுகளில் நாங்கள் இருந்த லின்ஃபீல்ட் பகுதியில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் மனுசன் கேக்கைப் பார்க்க மாட்டார். காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுப்பார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். இங்கே எல்லாம் பலகை வீடுகள், டொக்கென்று கேட்கும்.

"இது சுவரோ, ஐசே? பிஸ்கற் பெட்டி. அங்கை சுவரின்ர தடிப்பு இரண்டரை அடி."

அங்கை என்றால் ஸ்கொட்லாந்து. கட்டட பிளான் கீறும் படவரைஞர் படிப்புக்குப் போன இடத்தில், ஒரு தீவுப் பட்டினத்தில் இருநூறு வருடத்துக் கல்வீட்டை அளந்து வர இவரை அனுப்பியிருக்கிறார்கள். துறைமுகத்தைப் பார்த்து வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளில் நடு வீடு. அங்கே தங்கியது மூன்று கிழமை. அதை எங்களுக்குச் சொன்னது மூன்று வருடம். ஜன்னலின் அகலம், வாசற்கல் தேய்ந்த ஆழம், கணப்பு அடுப்பின் உயரம் எல்லாம் எனக்கே மனப்பாடம். வடை ஆறிப்போகும், கதை ஆறாது.

என் மனைவி ஒருமுறை கேட்டேவிட்டாள். "அண்ணை, ஊரில இருக்கிற உங்கட வீட்டைப் பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லையே?"

"அதில கதைக்க என்ன இருக்கு, தங்கச்சி? சீதன வீடு. சாதாரண வீடு."

அந்தச் சாதாரண வீட்டில்தான் அவர் மனைவி விசாவுக்காகக் காத்திருந்தா. ஊரில் சண்டை மூண்டு, ஒருநாள் அதன்மேல் ஷெல் விழுந்தது. கிணற்றடியில் நின்றதால் உயிர் தப்பினா. 'விசா வாற மாதிரித் தெரியேல்லை. இருந்த மாதிரியே திருப்பிக் கட்டுவம். மேசன் பிளான் கேக்கிறார். உங்களுக்கு அளவெல்லாம் தெரியும்தானே' என்று கடிதம் வந்தது.

எங்கள் சமையலறை மேசையில் தாளும் அடிமட்டமுமாக ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்தார். மத்தியானம் வரை ஒரு கோடு விழவில்லை.

"ஐசே, நீர் என்ர கலியாணத்துக்கு வந்தனீர்தானே. விறாந்தையில பந்தி வைக்கேக்கை உம்மோட எத்தினை பேர் இருந்தவை?"

"பத்துப் பேர் இருக்கும்."

"ஆளுக்கு இரண்டடி. அப்ப இருபது அடி." பென்சில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "படுத்து எழும்பின வீட்டை ஆர் ஐசே அளக்கிறது?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் போய்த் தேநீர் போட்டேன்.

பின்னேரம் பார்த்தால் தாளில் ஒரு வீடு. நடுவில் கதவு, தேய்ந்த வாசற்கல், சுவர் இரண்டரை அடி. அவர் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கிழிக்கப் போனவரை மறித்து, இதையாவது அனுப்பும் என்று தபாலில் போடவைத்தவன் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வந்த பதிலை என்னிடம் நீட்டினார்.

'இது எங்கட வீடு இல்லையே. பரவாயில்லை, இதையே கட்டுவம். இவ்வளவு தடிச்ச சுவரெண்டால் ஷெல் உள்ளுக்கு வராதுதானே? நீங்கள் அளந்து பார்த்தனீங்கள்தானே?'

வீடும் எழும்பவில்லை, விசாவும் வரவில்லை.

அடுத்த பிறந்தநாள் எங்கள் வீட்டில். நாடா வெளியே வரவில்லை. சுவரோரம் பேசாமல் வடை தின்றுகொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய்ச் சுவரைத் தட்டினேன்.

"பிஸ்கற் பெட்டி, என்ன? அங்கை எத்தினை அடி ஐசே?"

"மறந்துபோச்சு" என்றார்.

இந்த மனுசன் எப்போது வாயை மூடுவார் என்று மூன்று வருடம் ஏங்கியவன் நான். அன்றைக்கு அவர் ஒரேயொரு தரம் 'இரண்டரை அடி' என்று சொன்னால் போதும் என்றிருந்தது.