சீனப் பிள்ளைகளின் ஆங்கிலச் சோதனைக்கு நான் ஆண்குரல் கொடுத்த விபரம்

விபோர்க்,
ஞாயிறு மத்தியானம்

எஸ்பியர்க்கில் என்மேல் கோபத்தோடும் மற்றபடி சுகத்தோடும் இருக்கும் அன்புத் தங்கச்சி சுசீலாதேவிக்கு,

உன் ஒரே அண்ணன் தேவராசா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சாள் ராசமலரும், எங்களோடு தங்கியிருக்கிற உன் மகள் சாருஜாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே மச்சானின் முழங்கால் நோவு குறைந்து, பல்கனியில் வைத்த தக்காளியும் காய்த்திருக்கும் என்று நம்புகிறேன். நீ என் ரெலிபோனை எடுக்கிறாயில்லை. வாட்சப்பிலும் என்னைப் பூட்டி வைத்திருக்கிறாய். கடிதம் போடலாம் என்று வெளிக்கிட்டால், தெருவில் நின்ற சிவப்புத் தபால் பெட்டியையும் இந்த டென்மார்க்குக்காரர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகையால் சனிக்கிழமை அங்கே மீன் வாங்க வருகிற ஸ்ரான்லியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை அவன் வாசலில் நிற்பான். நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்போது நடந்திருப்பது முழுவதையும் நான் முன்கூட்டியே சொன்னவன். சாருஜா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கிப் பார்த்த உடனேயே, இந்தப் பிள்ளை ஒருநாள் சீனாக்காரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கேட்டல் சோதனை வைப்பாள் என்று சொன்னேன். நீ களைப்பில் இருந்தபடியால் ஞாபகம் இராது. பக்கத்தில் இருந்து இதை எட்டிப் பார்க்கிற ராசமலர், "நீங்கள் அண்டைக்குச் சொன்னது பிள்ளைக்குக் காது பெரிசு எண்டெல்லோ" என்கிறாள். அதைத்தானே நானும் சொல்கிறேன். காது பெரிது என்றால் கேட்டல் சோதனை என்று விளங்கிக்கொள்ள ஒரு அறிவு வேண்டும்.

கோயில் அன்னதானத்தில் உனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட கஜந்தி, "உங்கட அண்ணை உங்கட மகளின்ரை வேலைக்கு உலை வைச்சிட்டார்" என்று சொன்னதாக அறிந்தேன். கஜந்தி சாம்பாருக்குக் கை நீட்டிக்கொண்டு பாதிக் கதையைத்தான் கேட்டிருப்பாள். முழுக்கதையை நான் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

சாருஜா படிப்பிக்கிற இடம் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இவர்கள் அதை ஜிம்னேசியம் என்கிறார்கள், ஆனால் உள்ளே யாரும் பாரம் தூக்குவதில்லை. அவளுடைய வேலை ஒரு வருடத்துக்குத்தான். ரெக்டர், அதாவது தலைமையாசிரியர், திருப்திப்பட்டால் நிரந்தரம், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துத்தான் சீனாவிலிருந்து ஒரு வகுப்பளவு பிள்ளைகள் அரை வருடம் படிக்க வந்து இறங்கினார்கள். டேனிஷ் வீடுகளில் தங்க வைத்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு கேட்டு விளங்கும், எவ்வளவு வாசித்து விளங்கும் என்று ஒரு சோதனை வைக்க வேண்டும். தேறினால் டேனிஷ் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் படிக்கலாம். தேறாவிட்டால் தனி அறையில் இருந்து ஆப்பிள், ஆரஞ்சு என்று தொடங்க வேண்டும். அந்தச் சோதனையைத் தயாரிக்கிற பொறுப்பை ரெக்டர் சாருஜாவிடம் கொடுத்தார். கொடுக்கச் சொல்லி நான் எண்ண அலைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சோதனை அன்று பிள்ளை காலைச் சாப்பாடு சாப்பிடாமல் ஓடிவிட்டாள் என்று இடியப்பமும் சொதியும் சாப்பாட்டுக் கரியரில் போட்டுக்கொண்டு போனேன். போன இடத்தில் பார்த்தால் மண்டபத்தில் சீனப் பிள்ளைகள் வரிசையாகப் பேனையோடு இருக்கிறார்கள், சாருஜாவும் அவளோடு வேலை செய்கிற மரினா என்ற டேனிஷ்காரியும் ஒலிபெருக்கியைக் குடைந்துகொண்டு நிற்கிறார்கள். ஒலிபெருக்கி செத்துவிட்டது. பதிவு செய்து வைத்த குரல் வெளியே வராது. கேட்டல் சோதனை என்றால் எப்போதும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கதைத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் அதைக் கேட்டு விடை எழுத வேண்டும். பெண்குரலை சாருஜாவே வாசித்துவிடலாம். ஆண்குரலுக்கு எங்கே போவது? ரெக்டர் மத்தியானம்தான் வருவார், ஆண் வாத்திமார் எல்லோரும் வேறு வகுப்புகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சுற்றுலா போய்விட்டார்கள். சாருஜா சுற்றிவரப் பார்த்தாள். அந்தக் கட்டிடத்தில் மீசையோடு நின்றது நான் ஒருவன்தான், கையில் கரியரோடு.

"மாமா, இதில எழுதியிருக்கிறதை மட்டும் வாசியுங்கோ. ஒரு சொல்லும் கூட்டக் கூடாது" என்றாள்.

"பிள்ளை, நான் கொழும்புத் துறைமுகத்தில இங்கிலீஷ் கப்டனோட நேருக்கு நேர் கதைச்சவன்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"அவர் நேரம் கேட்டார். சொன்னனான்."

பிள்ளை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தாளைத் தந்தாள்.

சுசீலா, சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? முதல் உரையாடலிலேயே அந்தப் பெண், அதாவது உன் மகள், "இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று ஆங்கிலத்தில் கூப்பிடுகிறாள். ஆண், அதாவது நான், "வேண்டாம், நன்றி, நான் போக வேண்டும்" என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை, அத்தனை பேருக்கு முன்னால் வாயெடுத்துச் சாப்பிடக் கூப்பிட, முகத்தில் அடித்ததுபோல வேண்டாம் என்கிற வாய் எனக்குக் கடவுள் தரவில்லை. எழுதியிருந்த 'நோ'வைத்தான் சொன்னேன், ஆனால் நாங்கள் சொல்கிற மாதிரிச் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்து, அரை அடி பின்னுக்குப் போய், தலையைக் கொஞ்சம் சரித்து, சிரித்துக்கொண்டு, 'நோ'வைக் கொஞ்சம் இழுத்து. உன் வீட்டில் மூன்றாவது தோசைக்கு நான் எப்படி வேண்டாம் என்பேன், அப்படியே. அடுத்ததில் மழை பெய்கிறது, காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்கிறாள். நடந்தே போகிறேன் என்று வாசித்தேன், வாசிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அதற்கடுத்ததில் கடைசித் துண்டு கேக். அதையும் வேண்டாம் என்றேன், கண் மட்டும் கரியர்ப் பக்கம் போய் வந்தது. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை, எனக்கு விளங்குகிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு டக்கென்று விடையைக் குறித்தாள். எனக்கு அப்போதே தெரியும், இது சரித்திரத்தில் நிற்கப்போகிற வாசிப்பு என்று.

பின்னேரம் சாருஜா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். வாசிப்புப் பகுதியில் பிள்ளைகள் அள்ளியிருக்கிறார்கள், டேனிஷ் பிள்ளைகளே எடுக்காத புள்ளிகள். கேட்டலில் விருந்துக்குக் கூப்பிடுகிற, உதவட்டுமா என்று கேட்கிற கேள்விகள் பாதிக்கு மேல். அத்தனையிலும் அத்தனை பிள்ளைகளும் பிழை, அதுவும் ஒரே பிழை.

"மரினா சொல்லுறா, ஒண்டில் எல்லாரும் பாத்து எழுதியிருக்கினம், இல்லாட்டி ஒருத்தருக்கும் காது கேக்கேல்லை எண்டு" என்றாள். "அந்தாள் சாப்பிடாமல் வீட்டை போறான் எண்டதுதான் விடை மாமா. எல்லாப் பிள்ளையளும் அவன் இருந்து சாப்பிடுவான் எண்டு போட்டிருக்குதுகள்."

"சாப்பிடத்தானே போறான்" என்றேன்.

"என்ன?"

"ஒருக்கா வேண்டாம் எண்டால் அதோட விட்டிடுறதோ? நீ ரெண்டாந்தரம் கேக்கேல்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பான்."

"இஞ்ச வேண்டாம் எண்டால் வேண்டாம்தான், மாமா."

"அது இஞ்ச. சீனாவில எப்பிடியோ, ஆருக்குத் தெரியும்?"

சமையலறையிலிருந்து ராசமலர், "இவர் வேண்டாம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் இந்த வயித்தை வளத்தவர்" என்றாள். சாருஜா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலையில் ரெக்டர் கூட்டம் வைத்திருக்கிறார், புள்ளிகளை அப்படியே அனுப்பினால் அத்தனை பிள்ளைகளும் ஆப்பிள், ஆரஞ்சு அறைக்குத்தான், தன் வேலையைப் பற்றியும் கதைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நாங்கள் மூன்றுமுறை கேட்டும் சாப்பிடவில்லை. அது உண்மையான வேண்டாம்.

மறுநாள் கல்யாணத்துக்குக் கட்டிய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். ரெக்டரின் பெயர் ஹென்ரிக். இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு அது வாயில் வராது, ஹென்ரிக் சேர் என்றே வைத்துக்கொண்டேன். அறைக்குள் அவர், மரினா, சாருஜா, பிள்ளைகளோடு சீனாவிலிருந்து வந்த லியூ ரீச்சர், நான். மேசையில் கோப்பிப் போத்தலும் கறுவா போட்ட இனிப்புப் பணிசும். ஹென்ரிக் சேர், லியூ ரீச்சரைக் கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்த மனுசி, வேண்டாம், நன்றி என்றது. அவர் போத்தலை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நான் எழும்பினேன். ஆங்கிலத்திலும் டேனிஷிலும் மாறி மாறிச் சொன்னதை உனக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஹென்ரிக் சேர், இந்த ரீச்சருக்குக் கோப்பி வேணுமோ, வேண்டாமோ?"

"வேண்டாம் எண்டு சொன்னாவே" என்றார்.

"ரெண்டாந்தரம் கேளுங்கோ."

கேட்டார். உங்களுக்கு ஏன் சிரமம் என்றது லியூ ரீச்சர்.

"இன்னொருக்கா."

கேட்டார். அப்படியென்றால் ஒரு அரைக் கோப்பை என்றது. முழுக்கோப்பை குடித்தது, பிறகு பணிசும் எடுத்தது. அப்போது நான் சொன்னேன்: "இந்தப் பிள்ளையள் இங்கிலீஷைச் சரியாத்தான் கேட்டிருக்குதுகள். அதுக்கு மேலால அந்த மனுசன்ரை பசியையும் கேட்டிருக்குதுகள். சரிவிடை எழுதின தாள் மட்டும்தான் டென்மார்க்கில பிறந்தது."

இந்த இடத்தில்தான் லியூ ரீச்சர் கோப்பையை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னது. பிள்ளைகள் வந்த நாளிலிருந்து மெலிந்துகொண்டு வருகிறார்களாம். தங்கியிருக்கிற வீடுகளில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ஒருமுறை கேட்பார்களாம், பிள்ளைகள் மரியாதைக்கு வேண்டாம் என்பார்களாம், உடனே சட்டியை எடுத்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம். பிள்ளைகள் அறைக்குப் போய் பிஸ்கட் தின்கிறார்களாம். ஹென்ரிக் சேரின் காது சிவந்துவிட்டது. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை தங்கியிருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெருக்கியைத் திருத்தினார்கள். சாருஜா பிள்ளைகளை இருத்தி, இந்த நாட்டில் 'நை தக்', அதாவது வேண்டாம், நன்றி, என்றால் கதை முடிந்தது, பசித்தால் முதல் தரமே ஓம் சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தாள். அந்தக் கேள்விகளை மட்டும் புதிதாக எழுதி, சுற்றுலா முடிந்து வந்த ஒரு டேனிஷ் வாத்தியாரின் குரலில், மறுபடி சோதனை வைத்தாள். அந்த மனிதர் வேண்டாம் என்று சொன்னால் கதவைச் சாத்தினதுபோல இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் தேறி டேனிஷ் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள், நாலைந்து பேர்தான் தனி அறையில். பிள்ளைகளை வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம், சாப்பாட்டை மூன்றுமுறை கேளுங்கள் என்று பள்ளிக்கூடம் செய்தி அனுப்பியிருக்கிறது. சாருஜாவுக்கு வேலை நிரந்தரம். வருகிற வருடச் சோதனையும் அவள் பொறுப்பு. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஹென்ரிக் சேர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைப்போல ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கிடைக்காமல் போனாரே என்றார். நான் அடக்கமாக இருந்தேன்.

ஆகவே தங்கச்சி, உலை வைத்தது யார், சோறு பொங்கியது யார் என்று நீயே பார். பூட்டைத் திற, ரெலிபோனை எடு. மச்சானுக்கு என் அன்பைச் சொல். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், நல்ல நித்திரையும், சொந்த அண்ணனை நம்புகிற மனமும் கிடைக்க அந்தப் பிள்ளையார் அருள்புரியட்டும்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அண்ணன் தேவராசா

பின்குறிப்பு: ராசமலர் இதை வாசித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தபடி நிற்கிறாள், எடுக்கிறாளில்லை. அதனால் எழுதுகிறேன். ரெக்டரின் அறைக்குள் நான் போகவில்லை. கழுத்துப்பட்டி கட்டியது உண்மை, கதவுவரை போனது உண்மை. "மாமா, நீங்கள் வெளியில நில்லுங்கோ, இது என்ரை வேலை" என்று சாருஜா சொல்லிவிட்டாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. கோப்பியை மூன்றுமுறை கேட்க வைத்தது அவள். பிள்ளைகள் பசியையும் கேட்டார்கள் என்று சொன்னதும் அவள்தான், டேனிஷில். நான் தமிழில் போட்டது மட்டும்தான். "வாசிச்சது என்ரை மாமா, வாசிக்க வைச்சது நான், பிழை என்ரை" என்றும் ஒன்று சொன்னாள். அதை மேலே எழுதக் கை வரவில்லை. எங்கள் மேசையில் ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தள்ளி எழும்பிப் போகிற பிள்ளை, இத்தனை வருடத்தில் நாங்கள் மூன்றுமுறை கேட்பதை எப்போது கவனித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ரெக்டர் வெளியே வந்தபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'தக்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.