ஓய், வை!

எங்கள் 'ஓய்வை' செத்ததுபோல் அத்தனை தடவை உலகத்தில் வேறு எவரும் செத்திருக்க முடியாது. யிட்டிஷ் பேசும் யூத நடிகர். நாற்பது வருடம் மேடை, ஏழு சினிமா. ஏழிலும் இடைவேளைக்கு முன்பே ஆள் அவுட்!

பெயர் வைத்தவன் நான்தான். எண்பத்தைந்தில் நாங்கள் டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு அகதியாக வந்த புதிதில், அவர் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்குக் குடிவந்தார். நானும் என் அறைத்தோழர் அருளப்பு அண்ணையும் அவருடைய நாடக உடுப்புப் பெட்டியைத் தூக்கினோம். நாலு படி ஏறவில்லை, கிழவர் பதறிப்போய் "ஓய் வை!" என்றார்.

"அண்ணை, மனுசன் தமிழ் கதைக்குது! வைக்கட்டாம்!"

வைத்தோம். தூக்கினோம். "ஓய் வை!" மறுபடி வைத்தோம். காலையில் புறப்பட்ட பெட்டி மாடி சேர மத்தியானமாயிற்று. யிட்டிஷில் அதற்கு 'ஐயோ' என்று அர்த்தமாம். டேனிஷ் வகுப்பு ரீச்சர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

ஓகூஸில் அவருக்குத் தெரிந்து யிட்டிஷ் பேச ஒருவரும் இல்லை. காதும் மந்தம். "என் நடிப்பைப் பார்த்து யாராவது அழுது பத்து வருசம். இனி என்னால் முடியாதோ?" என்று உடைந்த டேனிஷில் கேட்பார். அந்தப் பயம் மனுசனைத் தின்றது. எனக்குப் பாவமாக இருந்தது.

"நாங்கள் இருக்கிறமெல்லோ," என்றார் அருளப்பு அண்ணை. "எங்களுக்கு டேனிஷ் நாடகமும் விளங்காது, யிட்டிஷ் நாடகமும் விளங்காது. ரண்டும் ஒண்டுதான்."

எங்கள் பொங்கல் விழாவில் மேடை கிடைத்தது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேடம் அவருக்கு. மகனின் சவப்பெட்டியை நிற்காமல் சுமந்துபோவது எங்கள் வேலை. பாதி மேடையில் கிழவர் தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

"ஓய் வை!"

பழக்கதோஷம். வைத்துவிட்டோம்.

அவர் இன்னும் உரக்க அலறினார். தூக்கியதை மறுபடி வைத்தோம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். ஓய்வைக்குச் சிரிப்புக் கேட்கவில்லை, கண்ணீர்தான் தெரிந்தது.

"பார், எல்லோரும் அழுகிறார்கள்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது. நாங்கள் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஓய்வை நிஜமாகவே செத்தார். பெட்டியைச் சுமக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். பாதி வழியில் என் கை தானாகத் தாழ்ந்தது.

"வைக்காதை. அவர் இன்னும் சொல்லேல்லை," என்றார் அருளப்பு அண்ணை.

இரண்டு பேரும் அழுதோம். இந்த முறை சிரித்து வந்த கண்ணீர் இல்லை.