பாஸ்பரஸ் தெரிந்தவர்

கந்தசாமி வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான் என்ற செய்தி ஆரணிக்குக் காலை ஆறரை மணிக்கு வந்தது. அப்போது உரக்கடை சம்பந்தம் டீக்கடையில் ஒரு தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டி, பாஸ்பரஸ் குச்சியில் இல்லை, பெட்டியின் பக்கவாட்டில்தான் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இவர்கள் தனி இனம், வாசகரே. கல்லூரியில் ஒரு வருஷம் ரசாயனம் படித்திருப்பார்கள். அந்த ஒரு வருஷத்தை ஆயுள் முழுக்க நமக்குப் பரிமாறுவார்கள். சூப்பர் பாஸ்பேட் மூட்டை வாங்க வந்தவனிடம் உன் எலும்பிலேயே அது இருக்கிறது என்பார்கள், பல் துலக்குகிறவனை நிறுத்திப் பற்பசையிலும் இருக்கிறது என்பார்கள், கொள்ளிவாய்ப் பிசாசும் அதுதான் என்று சொல்லிப் பயந்தவனின் பயத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள். கேட்டது யார்? யாருமில்லை.

பச்சையப்பன் கேட்டான். அதுதான் வினை.

தறியில் பட்டு இழையை எலி கடிக்கிறதென்று மசால்வடையில் எலி மருந்து தடவிப் பரணில் வைத்திருந்தான். பசியோடு வந்த தம்பி கந்தசாமி, பூண்டு வாசனையை நம்பி அதைத் தின்றுவிட்டான். இரண்டு முறை வாந்தி. வண்டி தேடி ஓடிய பச்சையப்பனுக்கு வழியில் சம்பந்தம் அகப்பட்டார்.

"வேலூருக்கு இட்டுகினு போலாங்களா சார்?"

"இன்னா மருந்து, மஞ்ச பாஸ்பரஸா? காலேஜ்ல அத தண்ணிக்குள்ளதாம்பா போட்டு வெச்சிருப்பான். ஏன்? தண்ணியில கரையாது. வயித்துல இன்னா கீது? தண்ணி. அப்படியே வெளிய வந்துடும். பாலு குடு, போதும். சும்மா பேஜார் பண்ணிகினு."

பால் கொடுத்தார்கள். மறுநாள் கந்தசாமி எழுந்து நடந்தான், சிரித்தான். சம்பந்தம் தெருத்தெருவாகத் தம் வெற்றியைச் சொல்லி வந்தார். அதன் பிறகுதான் கந்தசாமியின் கண் மஞ்சளாயிற்று. வேலூர் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும். பாலு குடுத்திருக்கக் கூடாது. அன்னிக்கே வந்திருக்கணும்."

சாவு வீட்டுக்கும் சம்பந்தம் வந்தார். "கல்லீரல்பா," என்று ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னது ரைட்டுதாங்க சார்," என்றான் பச்சையப்பன். "தண்ணியில கரையல."

பாராட்டு என்று நினைத்துச் சம்பந்தம் தலையாட்டிக்கொண்டார்.

கொழுப்பைவிடக் கார்பன் டைசல்பைடில் அது இன்னும் நன்றாகக் கரையுமே என்று உங்கள் நாக்கு இப்போது துறுதுறுக்கிறதா, வாசகரே? சம்பந்தத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

கண் மஞ்சளாகும் வரை கந்தசாமி தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு இழை இழையாக முடிந்துகொண்டிருந்தான். வலப்பக்கம் பாதி இழைகள் இன்னும் முடியப்படவில்லை.