அஃபிஷியஸுக்கு நன்றி சொன்ன வேரக்கா

ஈப்போவில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஆங்கிலச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் அதைக் கூறு போட்டுப் பார்க்காமல் விடாத பிறவி இந்த ஊரிலேயே ஒன்றுதான்: எங்கள் வேரக்கா.

கோலா கங்சார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். நான் வேலை பார்த்த ஹோட்டலில், தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. எல்லாவற்றுக்கும் ‘சாரி’ என்றே எழுதுகிறாரே, வேறு சொல்லே இல்லையா என்று மேனேஜர் ஒருநாள் கேட்டுவிட்டார். வந்தது வினை. அக்கா கைப்பேசியில் வேர்ச்சொல் பாடம் பார்க்க ஆரம்பித்தார். ஒரே வேரில் முளைத்த சொற்கள் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்று லீவு போட்டால் இன்னொன்றை வேலைக்கு அனுப்பலாம் என்று முடிவும் கட்டினார்.

அறையில் ஏர்கோன், அதாவது ஏசி, ஒழுகியதாகத் திட்டியவருக்கு, ‘சாரி’ போய், நாங்கள் ‘கொன்ட்ரைட்’ ஆக இருக்கிறோம் என்று பதில் போனது.

“அப்படின்னா என்னக்கா?”

“வேரைப் பாருலா. தேய்க்கிறதுன்னு அர்த்தம். மனசு தேஞ்சு போச்சாம்.”

“ஏர்கோன் ஒழுகினதுக்கா?”

“ஒழுகினது அவரு மூஞ்சியிலலா!”

‘பெனி’ என்று தொடங்கினால் நல்லது, ‘மால்’ என்று தொடங்கினால் கெட்டது என்றார் இன்னொரு நாள்.

“அப்ப மலேசியா?” என்றேன்.

“வாய மூடு. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்.”

ஒருமுறை அவருக்குக் குதிகால் வலி. ‘பெட்’ என்றால் கால். பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அந்தக் குடும்பம். ஆகவே பீடியாட்ரிக் கிளினிக்குக்குப் போய், அழுகிற குழந்தைகள் நடுவே காத்திருந்திருக்கிறார். “பிள்ளை எங்கக்கா?” என்று நர்ஸ் கேட்க, இவர் காலை நீட்டியிருக்கிறார். மறுநாள் நொண்டிக்கொண்டே வந்தார்.

“அது கிரேக்க வேராம்லா. பிள்ளைன்னு அர்த்தமாம். ரெண்டு வேரு ஒரே மாதிரி இருந்தா நான் என்ன பண்றது?”

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

தைப்பிங்கிலிருந்து வந்து தங்கிய ஒருவர், கவுண்டரில் இருந்த ஆள் ரொம்ப ‘அஃபிஷியஸ்’ என்று எழுதிவிட்டார். அந்த ஆள் நான். அவர் அறைச் சாவிதான் கேட்டார். நான் கார் எங்கே நிறுத்துவது, எந்தக் கடையில் சாப்பிடுவது, அவர் வயிற்றுக்குக் காரக் குழம்பு ஊற்றிய ‘நாசி கண்டார்’ சோறு ஏன் ஆகாது என்பது வரை விளக்கியிருந்தேன்.

வேரக்கா சொல்லைப் பிளந்தார். வேர், கடமை.

“கடமை தவறாதவன்னு எழுதியிருக்காருலா! பெரிய பாராட்டு!” என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பதிலும் போட்டார்: ‘மிக்க நன்றி. எங்கள் ஊழியர்களிலேயே இவர்தான் மிகவும் அஃபிஷியஸ். மற்றவர்களையும் இவரைப் போல ஆக்கப் பாடுபடுகிறோம்.’

முதலாளி அதைப் படித்துவிட்டார். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அந்தச் சொல்லுக்கு அதிகப்பிரசங்கி என்று பொருள் என்றார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. மனைவி முழுகாமல் இருந்தாள். என்னை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று முதலாளி கேட்கிறாராம்.

“வேரு கடமைதான் பாஸ். சொல்லுதான் நடுவுல கெட்டுப் போச்சு…” என்று ஆரம்பித்த வேரக்கா என் முகத்தைப் பார்த்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலையே பழைய பதிலை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் ஆங்கிலம். ‘சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டது நான். இவர் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார். ஆனால் நல்ல மனிதர். அப்பா ஆகப் போகிறார். இவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.’

தைப்பிங்காரர் தன் புகாரை நீக்கிவிட்டார். அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன்.

மகள் பிறந்ததும் வேரக்கா பார்க்க வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆங்கிலச் சொல்கூட வாயில் வரவில்லை. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. கடைசியில், என் கையில் இருந்த பால் டின்னைப் பார்த்து, நானே ஒரு சொல்லைப் படித்து அதன் வேர் என்னவென்று கேட்டேன்.