காருக்கு எண்ணெய்க் குளியல்

எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வருகிற குறிப்பைப் படிக்காமலே வேலையை ஆரம்பித்துவிடுகிற ரகம் நான். எழுதப் படிக்கத் தெரியாதவர் அப்படிச் செய்தால் பக்கத்தில் யாரையாவது கேட்டுக்கொள்வார். எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன் யாரையும் கேட்க மாட்டான். (இப்போதும் திருந்தவில்லை. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் எத்தனையோ பட்டன் இருக்கிறது. நான் ஒன்றே ஒன்றைத்தான் அமுக்குவேன்.)

அப்போது நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அதாவது, கோச்சடையில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் அப்பாவின் பழைய சிவப்புக் கார் நின்றது. சிவப்பு என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நிறம். மதுரை வெயிலில் காய்ந்து காய்ந்து, அது ரோஸ் பல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. ஸ்டார்ட் ஆக வேண்டுமென்றால் பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும். அப்பா உரக்கடைக்குக் கிளம்புமுன் தினமும் காபியோடு அதன் பக்கத்தில் போய், பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்.

அம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஒரு முகூர்த்தத்துக்குப் போகிற வழியில், பாலத்துக்கு நடுவே அது நின்றுவிட, பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளியவர் அவர். அன்றே முடிவு சொல்லிவிட்டார், வண்டியை விற்க வேண்டும் என்று. அப்பா "சரி" என்றார்.

அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார். பந்தியில் மூன்றாவது கரண்டி பாயசத்தைக்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்துவிட்டு, ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனையூரிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். பிடித்துப் போனது. புதன்கிழமை சாயங்காலம் நல்ல நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் வண்டியைக் கொஞ்சம் பளபளப்பாக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் ஒப்படைத்தார். நாலு வருஷம் படித்ததற்கு வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. வண்டி கைமாறுகிற வரைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா சொன்னதற்கு, நான் இருக்கும்போது எப்படி வரும் என்று கேட்டேன்.

பைபாஸ் ரோட்டுக் கடையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். தனியாக பாலிஷ், தனியாக வாக்ஸ் என்று மெனக்கெட வேண்டாமாம். "இது ஒண்ணே போதும்ணே. அழுக்கையும் எடுக்கும், பளபளப்பும் குடுக்கும், மேல வாக்ஸும் பூசிரும்" என்றார் கடைக்காரர். பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பாட்டிலைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாக, கெட்டியாக, வழவழவென்று இருந்தது. எனக்கு உடனே சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் ஞாபகம் வந்தது. தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்க்க வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், நன்றாக ஊற வேண்டும். எம்புட்டு ஊறுதோ அம்புட்டுப் பளபளப்பு. மனுஷத் தோலுக்குப் பொருந்துவது கார் தோலுக்குப் பொருந்தாதா? (நாலு வருஷப் படிப்பின் சாரம் இதுதான்.)

நிழலில் இருந்தால் ஊறாது என்று, தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, காரை வேப்பமரத்தடியிலிருந்து நடு வெயிலுக்குத் தள்ளினேன். சித்திரை மாத உச்சி வெயில். பானெட்டில் தோசை ஊற்றலாம். முழு பாட்டிலில் முக்கால்வாசியை வண்டி முழுக்க அப்பினேன். கதவு, கூரை, பம்பர், கண்ணாடி, நம்பர் பிளேட் எதையும் விடவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, துடைக்க வேண்டாமா என்று கேட்டார். ஊறட்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

எழுந்து வந்து பார்த்தால் வாசலில் எங்கள் கார் இல்லை. வெள்ளையடித்த சுவர் ஒன்று நாலு சக்கரத்தோடு நின்றது.

துணியை எடுத்துத் துடைத்தேன். வரவில்லை. தண்ணீரை ஊற்றினேன். வழவழவென்று இழுபட்டு மறுபடியும் காய்ந்தது. பானெட்டில் ஒரு இடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்ததில் வெள்ளை கொஞ்சம் விட்டது. அப்பாடா என்று துணியைத் திருப்பிப் பார்த்தால், துணி முழுக்கச் சிவப்பு. ஆத்தாடி, பெயிண்டே கழன்று வருகிறது! துணியைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா தினமும் கை வைக்கிற அந்த இடத்திலேயே வண்டியை உரித்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஆனையூர்க்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். அவருக்குப் பின்னாலேயே கடையை அடைத்துவிட்டு அப்பாவும் வந்து சேர்ந்தார்.

ஆனையூர்க்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுப் பூச்சு? உள்ள எங்க அடி பட்டுருக்கு?"

நான் விளக்க ஆரம்பித்தேன். பாலிஷ், வாக்ஸ், இரண்டும் ஒன்றிலேயே, வெயில், ஊறுதல். நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது. கடைசியில் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கய்யா. நான் அன்னைக்குப் பாத்த வண்டிதான இது?"

அப்பா "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயுசு முழுக்க எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டவர். அம்மா கதவோரம் நின்று கண்ணைக் காட்டுகிறார். அப்பா காரைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார்.

"இப்ப இருக்க லட்சணத்துக்கு எனக்கே அடையாளம் தெரியலங்க" என்றார்.

மாலையும் எலுமிச்சம்பழமும் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போயின. அதற்குப் பிறகு அம்மா பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. என் படிப்பில் தொடங்கி, அப்பா வழிச் சொந்தத்தில் ஒருவரைக்கூட விடாமல் ஒரு சுற்று வந்து, மறுபடியும் என் படிப்பில் முடித்தார்.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, பாட்டிலைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நிழலில் வைத்துச் செய்யணும், கொஞ்சம் கொஞ்சமாகத் தடவணும், காயுமுன்னே துடைக்கணும். காய்ந்துபோனால் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் தடவி உடனே துடைக்கணும். அம்புட்டுத்தான். துணியில் வந்தது, வெயிலில் வெந்து செத்துப்போன மேல்பூச்சாம். அடியில் நல்ல சிவப்பு அப்படியே இருக்கிறதாம்.

வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் துடைத்தோம். இடம் இடமாகச் சிவப்பு வெளியே வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த சிவப்பு. மன்னிச்சிருங்கப்பா என்றேன். அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலடா. நல்ல வேலை பண்ணுன."

"வேணாம்னு அம்மாட்ட சொல்லிருக்கலாம்லப்பா?"

"சொல்லிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அம்மா வெளியே வந்து வெகுநேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அழகர் கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். போனோம். பாதி வழியில் நின்றது. மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். காரை விற்கும் பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது பிடிக்கவில்லை என்றால், வாயைத் திறந்து சொல்வது கிடையாது. "கொஞ்சம் பாலிஷ் போட்டுருவோமா?" என்று கேட்டால் போதும். எனக்கு முதலில் பார்த்த வரன் பாலிஷில் போனது. சென்னையில் கிடைத்த வேலையும் அப்படியே. கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு விஷயம் பிடிபட ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு அவள் பாலிஷ் போட்டுவிட்டாள்.

கார் பிறகு ஒரு நாள் தானாகவே ஓய்ந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு மழைக்கு ஒழுகுகிறது. இதை விற்றுவிட்டு லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டுக்குப் போய்விடலாம் என்று போன மாதம் நான்தான் பேச்சை எடுத்தேன். அப்பா "சரி" என்றார். எல்லா வசதியையும் நானே விளக்கினேன், எல்லாவற்றுக்கும் சரி என்றார். புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"டேய், நாளைக்கு ஆளுக வாரதுக்கு முன்னாடி, இந்தச் செவுத்துக்குக் கொஞ்சம் பாலிஷ் போட்டு வைக்கிறியா?" என்றார்.

புரோக்கருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.