ஹெலிகாப்டரை இறக்கிய அரோகரா

சுவிஸ்காரர் யாராவது "சும்மா ஒரு சின்ன நடை போய் வரலாமா?" என்று கூப்பிட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிடுங்கள். பட்டவன் சொல்கிறேன். இந்த ஊர் மக்கள் பொய் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் எந்தச் சொல்லின் வாலிலும் ஒரு 'லி'யை ஒட்டிச் சின்னதாக்கிவிடுவார்கள். வீடு 'ஹூஸ்லி' ஆகிவிடும், மலை 'பெர்க்லி' ஆகிவிடும். (மலைக்கு இந்த விஷயம் தெரியாது. அது பாட்டுக்கு அதே உயரத்தில் நிற்கும்.)

நான் உடுமலைப்பேட்டைக்காரன். லாங்கன்தாலில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளர். வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகி, குடும்பத்தோடு சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, தபால்பெட்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்ட காலம் அது. எனக்காகக்கூட இல்லை, மகள் நிலாவுக்காக. இங்கேயே பிறந்தவள், அப்போது நான்காம் வகுப்பு. ஒருநாள் பள்ளி விட்டு வந்து, "நான் சுவிஸ்தானேப்பா?" என்று கேட்டாள். "ஆமாடா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் போதுமா? அரசாங்கம் சொல்ல வேண்டாமா?

மேல்மாடியில் சிவராசா அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். டாவோஸில் ஹோட்டலில் கோப்பை கழுவித் தொடங்கி, இப்போது பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் சுவிஸ் குடிமக்கள். எங்களுக்கு அவர்தான் சட்ட ஆலோசகர்.

"தம்பி, சோதினை எல்லாம் நீர் பாஸ் பண்ணுவீர். ஆனா அயல் சனம் என்ன கதைக்குது எண்டுதான் அவை முக்கியமாப் பாப்பினம். மோசர் அம்மா உம்மைப் பற்றி நல்லாச் சொல்லுவாவோ? அதை யோசியும்."

மோசர் அம்மா என்பவர் எங்கள் கீழ்வீட்டு ஃப்ராவ் மோசர், அதாவது திருமதி மோசர். ஓய்வு பெற்ற ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர், சிரிப்பதற்கு முன் யோசிப்பவர். எங்களைப் பற்றி விசாரிக்க ஒரு ஆளைச் சொல்லுங்கள் என்று நகராட்சியில் கேட்டபோது, துணிந்து அவர் பெயரைத்தான் கொடுத்திருந்தோம். அந்த ஃப்ராவ் மோசர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சின்ன நடை வருகிறீர்களா, ஹெர் சரவணன்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? மாட்டேன் என்றா?

நம் ஊரில் வெளியே போவதென்றால் என்ன? நல்ல துணி, நல்ல சாப்பாடு. என் மனைவி மாலதி மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவையும், தங்க நிற வார் வைத்த செருப்பும் எடுத்து வைத்தாள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஆபீஸ் தோல் ஷூ. நிலா மட்டும் பள்ளியில் வாங்கச் சொன்ன மலையேறும் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, எல்லாரும் இந்த மாதிரிதான் போடணும்" என்றாள்.

"நாலு பேர் பாக்குற எடத்துக்கு இந்த பூட்ஸைப் போட்டுட்டா போறது? மானம் போயிரும்" என்றாள் மாலதி. நிலா கேட்காமல் அதையே மாட்டிக்கொண்டாள். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று அடுக்கு டிபன் கேரியரும் நிறைந்தது.

ரயில் நிலையத்தில் ஃப்ராவ் மோசர் எங்கள் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "குவெட்" என்றார். நல்லது என்று பொருள். எது நல்லது என்று அவர் சொல்லவில்லை. அவர் பையில் ஒரு ஆப்பிளும் துண்டு ரொட்டியும் கொஞ்சம் சீஸும் இருந்தன.

ரயில், பிறகு மஞ்சள் பேருந்து, பிறகு பாதை. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது நேராக வானத்துக்குப் போனது. இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு ஃப்ராவ் மோசர் வெள்ளாடு மாதிரி ஏறினார். நிலா அவர் பின்னாலேயே ஓடினாள். தோல் ஷூ வழுக்க, டிபன் கேரியரைத் துண்டில் கட்டிக் காவடி போலத் தோளில் போட்டுக்கொண்டு நான் மூச்சிரைக்க நின்ற இடத்தில், மாலதி உட்கார்ந்தேவிட்டாள்.

"ஏனுங்க, இவிய நடக்கக் கூப்புட்டாங்களா, ஏறக் கூப்புட்டாங்களா?" செருப்பு கடித்துக் குதிகால் தோல் உரிந்திருந்தது.

அதுவரை சுற்றிலும் பனிமூட்டம். பக்கத்தில் மேய்ந்த மாட்டின் மணிச்சத்தம்தான் கேட்டது, மாடு தெரியவில்லை. அப்போது காற்று ஒன்று வந்து மூட்டத்தை விலக்கியது.

நான் அந்த மலையைக் காலண்டரில் பார்த்திருக்கிறேன், சாக்லேட் உறையில் பார்த்திருக்கிறேன், அலுவலகச் சுவரில் தினம் பார்த்திருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. முழு வெள்ளையாக, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தும் முடியாத உயரத்தில், சத்தமே இல்லாமல் எதிரே நின்றது. என் கவலை, விண்ணப்பம், நேர்காணல் எதற்கும் அதன் முன்னால் அளவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழனிக்கு நடந்தே போய் வளர்ந்த ஆள் நான். மலையைப் பார்த்து நிறைந்துபோனால் என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு கைகளையும் வானத்துக்கு விரித்துத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து "அரோகரா!" என்று கத்தினேன்.

தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு ஹெலிகாப்டர் திரும்பியது.

"மாலதி! பாரு, நம்மளப் பாத்துத்தான் திரும்புது!" என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைகளை இன்னும் விரித்து இன்னொரு அரோகரா போட்டேன். மேலே பாதை வளைவில் நிலா குதித்துக் குதித்து ஏதோ கத்தினாள். இரைச்சலில் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் ஃப்ராவ் மோசர் ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் நீட்டி விறைத்து நின்றார். (அந்த அம்மாளுக்கும் அருள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். சத்தியமாக.)

ஹெலிகாப்டர் எங்களுக்குச் சற்றுத் தள்ளிப் புல்வெளியில் இறங்கியது. அது கிளப்பிய காற்றில் மாலதியின் முந்தானை கொடியாகப் பறந்தது. நான் கீழே வைத்திருந்த டிபன் கேரியர் கடகடவென்று சரிவில் உருண்டு மாட்டின் காலடியில் போய்த் திறந்துகொண்டது. மருத்துவப் பையோடு ஒருவர் குனிந்தபடி ஓடி வந்து, முகத்தை மூடிக்கொண்டிருந்த மாலதியின் முன் மண்டியிட்டார்.

"எங்கே வலிக்கிறது?"

அவள் உண்மையைச் சொல்பவள். குதிகாலைக் காட்டினாள்.

அவர் குதிகாலைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். என் தோல் ஷூவைப் பார்த்தார். புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாட்டையும் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற கவனத்தோடு ஒரு பிளாஸ்டர் ஒட்டினார். அதற்குள் மூச்சிரைக்க இறங்கி வந்த நிலா, "ரெண்டு கையையும் தூக்கினா உதவி வேணும்னு அர்த்தம்ப்பா! ஒரு கை மேல, ஒரு கை கீழன்னாதான் வேண்டாம்! ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க!" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் காற்றோடு போயிருந்தது. "மன்னியுங்கள். நான் மலையைக் கும்பிட்டேன்" என்று உளறினேன். அவர் திரும்பி மலையைப் பார்த்தார். "புரிகிறது" என்றார். "ஆனால் மனிதர்கள் கையைத் தூக்கினால் நாங்கள் வந்தே ஆக வேண்டும். தேவையில்லாமல் வந்தால் பரவாயில்லை." கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வெட்கத்தில் செத்தேன். ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எங்கோ பிறந்த ஒருவன், இந்த நாட்டுக் குடிமகன்கூட இல்லாதவன், ஒரு மலை மூலையில் கையைத் தூக்கினான். ஒரு ஹெலிகாப்டர் திரும்பி வந்துவிட்டது. நீ எந்த ஊர், என்ன பர்மிட் என்று மேலிருந்து யாரும் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் ஃப்ராவ் மோசர் ஒரு வார்த்தை பேசவில்லை. "போச்சுங்க" என்று மாலதி முணுமுணுத்தாள். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது, "இனிமே என்னைச் சுவிஸ் ஆக்க மாட்டாங்க, இல்லப்பா?" என்று நிலா கேட்டதுதான் என்னை உடைத்தது. மறுநாள் காலையில் சிவராசா அண்ணை படியில் மறித்தார். "என்ன தம்பி, முருகனைக் கூப்பிட்டீராம், மயில் வரேல்லையாம், ஹெலிகொப்டர் வந்ததாம்?" வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிப் போனேன்.

நகராட்சியில் நடந்த குடியுரிமை நேர்காணலுக்கு நிலாவையும் அழைத்துப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவரும் ஒரு பெண்மணியும். மாநிலங்கள், தேர்தல், குப்பை போடும் முறை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் அண்டை வீட்டாரிடம் பேசினோம்" என்றார். அவர் எழுந்து நின்று ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் நீட்டினார்.

"இதற்கு என்ன பொருள்?"

"உதவி... வேண்டாம்."

பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் உட்கார்ந்தார். "ஃப்ராவ் மோசர் சொன்னார்: 'அந்தப் பாதையில் சின்ன வயதிலிருந்து நடக்கிறேன். கொஞ்ச காலமாக வழியைத்தான் பார்க்கிறேன், மலையைப் பார்ப்பதில்லை. இவர் கையைத் தூக்கிக் கத்திய பிறகுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். இவர்கள் இங்கேயே இருக்கட்டும்' என்றார்." ரயிலில் அவர் பேசாமல் வந்தது கோபத்தால் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. "கடைசிக் கேள்வி. சுவிஸ் குடியுரிமை வேண்டுமா?" என்றார் தலைவர்.

நான் வாய் திறப்பதற்குள் நிலா இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டால் யாரும் வாயால் பதில் சொல்வதில்லை, கையால்தான். சிவராசா அண்ணை வீட்டிலும் இந்த வழக்கம் தொற்றிவிட்டது.

போன முறை ஊருக்குப் போனபோது பழனி ஏறினோம், சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு. நல்ல கூட்டம். தீபாராதனை காட்டியதும் சந்நிதி முழுக்கக் கைகள் எழுந்தன, "அரோகரா" என்று கூரை அதிர்ந்தது. இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்ட நிலா சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதில், "அப்பா, இத்தனை பேரும் உதவி வேணும்னு கேக்குறாங்க" என்றாள்.

சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. உண்மைதானே? நானும் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

"ஏனுங்க," என்றாள் மாலதி, "மேல ஏதாச்சும் பறக்குதான்னு பாத்துட்டுத் தூக்குங்க."